குமிழியின் சத்தம் கேட்ட பிரபு

வீட்டில் வெந்நீர் வைக்கும்போது அந்தப் பாத்திரம் போடும் சத்தத்தைக் கவனித்திருக்கிறீர்களா? அடுப்பில் ஏற்றிய சிறிது நேரத்தில் 'உஸ்ஸ்' என்று மெல்லத் தொடங்கும். பிறகு இரைச்சல் கூடிக்கொண்டே போகும். தண்ணீர் தளதளவென்று கொதிக்க ஆரம்பித்ததும், இன்னும் சத்தம் கூட வேண்டும் அல்லவா? கூடாது! இரைச்சல் குறைந்துவிடும். இன்று மாலையே கேட்டுப் பாருங்கள். பெரியவர்கள் யாராவது பக்கத்தில் இருக்கும்போது, அடுப்பிலிருந்து எட்ட நின்று கேட்க வேண்டும். சரியா?

வெந்நீர்ப் பாத்திரத்தின் இந்தச் சத்தத்தைப் பற்றி 74 வயதில் உட்கார்ந்து கணக்குப் போட்டார் ஒருவர். அவர் சாதாரண ஆள் இல்லை. இங்கிலாந்தின் பிரபு. நோபல் பரிசு வாங்கியவர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் வேந்தர். இவ்வளவும் ஆன பிறகு, சமையலறைச் சத்தம் அவருக்கு ஒரு கணக்காகத் தெரிந்தது. அந்தக் கணக்கு இன்றைக்கு எங்கே பயன்படுகிறது தெரியுமா? பூமிக்கு அடியில், 2 கிலோமீட்டர் ஆழத்தில், பிரபஞ்சத்திலேயே பெரிய புதிர் ஒன்றைத் தேடும் கருவியில்!

அவர்தான் ராலே பிரபு. இயற்பெயர் ஜான் வில்லியம் ஸ்ட்ரட். இங்கிலாந்தின் எசெக்ஸ் மாவட்டத்தில் 1842ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் தேதி பிறந்தார்.

பிரபு வீட்டுப் பிள்ளை என்றால் ஓடியாடி, குதிரை ஏறி வளர்ந்திருப்பார் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. சின்ன வயதிலிருந்தே நோஞ்சான். ஈட்டன், ஹாரோ என்று இங்கிலாந்தின் பெயர்பெற்ற பள்ளிகளில் சேர்த்தார்கள். ஒவ்வொரு பள்ளியிலும் கொஞ்ச காலம்தான் இருக்க முடிந்தது. உடம்பு படுத்தியதால் படிப்பு பாதியில் நின்றது. கடைசியில் ஓர் ஆசிரியரிடம் தனியாகப் படித்துத்தான் கேம்பிரிட்ஜுக்குப் போனார். அடிக்கடி காய்ச்சல் வந்து விடுப்பு எடுக்கும் பிள்ளைகள் இதைக் கொஞ்சம் கவனியுங்கள். 1865இல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் எல்லோரையும் முந்திக்கொண்டு முதலிடத்தில் வந்தவர் இந்த நோஞ்சான் பிள்ளைதான்.

வானம் ஏன் நீலமாக இருக்கிறது என்பதற்குச் சரியான கணக்கை 1871இல் சொன்னவரும் இவரே. 'ராலே சிதறல்' என்று உங்கள் அறிவியல் பாடத்தில் வரும். அதை உங்கள் ஆசிரியர் சொல்லித் தருவார். நாம் சத்தத்தின் பக்கம் போவோம்.

அதே 1871ஆம் ஆண்டு அவருக்குத் திருமணம் நடந்தது. மனைவி பெயர் ஈவ்லின். அடுத்த வருடமே அவரைக் கடுமையான வாதக் காய்ச்சல் தாக்கியது. பிழைப்பாரா என்றே வீட்டில் பயந்தார்கள். தேறிய பிறகு, இங்கிலாந்தின் குளிர் ஆகாது, வெயில் உள்ள ஊருக்குப் போய் இருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. கணவனும் மனைவியுமாக எகிப்துக்குப் போனார்கள். நைல் நதியில் ஒரு வீட்டுப் படகில், மாதக்கணக்கில் பயணம்.

படகில் நூலகம் கிடையாது. ஆய்வகமும் கிடையாது. வெளியே கோயில்களும் பேரீச்ச மரங்களும் ஒவ்வொன்றாகக் கடந்து போகின்றன. நம் ஆள் உள்ளே உட்கார்ந்து எழுத ஆரம்பித்துவிட்டார். அப்போது தொடங்கியதுதான் 'ஒலியின் கோட்பாடு' என்ற புத்தகம். 1877இல் முதல் பாகமும் 1878இல் இரண்டாம் பாகமும் வெளிவந்தன. நூற்றைம்பது ஆண்டுகள் ஆகப் போகிறது. ஒலியைப் பற்றி ஆராய்பவர்கள் இன்னும் அந்தப் புத்தகத்தைத் திறந்து பார்க்கிறார்கள். நோயில் எழுந்து உட்கார்ந்த ஒரு மனிதர் படகில் தொடங்கிய புத்தகம் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் வியப்பாகவே இருக்கிறது.

எகிப்திலிருந்து திரும்பிய சில காலத்திலேயே, 1873இல், அப்பா இறந்துபோனார். மகன் மூன்றாவது ராலே பிரபு ஆனார். டெர்லிங் என்ற ஊரில் பெரிய மாளிகை; ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம். பிரபு என்ன செய்தார்? நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைத் தம்பியிடம் விட்டுவிட்டு, மாளிகையின் ஒரு பகுதியை ஆய்வகம் ஆக்கிக்கொண்டார். அங்கே பளபளக்கும் கருவிகள் இருந்ததாக எண்ணாதீர்கள். நூல், அரக்கு, கண்ணாடிக் குழாய், இழைக்காத மரப்பலகை; இவற்றை வைத்தே பல கருவிகளைச் செய்துகொண்டார்.

அங்கே அவர் செய்த ஒரு சோதனையை நீங்களும் விளையாட்டாகச் செய்யலாம். மாளிகையின் புல்வெளியில் நடுவில் நின்று கண்களை மூடிக்கொள்வார். சுற்றிலும் சிலர் வட்டமாக நிற்பார்கள். ஒருவர் பேசினால், எந்தத் திசையிலிருந்து பேசுகிறார் என்று கண் திறக்காமலே சரியாகச் சொல்லிவிடுவார். ஆனால் பேச்சுக்குப் பதில் இசைக்கவையைத் தட்டி ஒலிக்கச் செய்தால்? இடமா வலமா என்று சொல்ல முடிந்தது. முன்னாலா பின்னாலா என்று சொல்ல முடியவில்லை! நமக்கு ஏன் இரண்டு காதுகள், அவை எப்படித் திசையைக் கண்டுபிடிக்கின்றன என்ற ஆராய்ச்சி இப்படித்தான் வளர்ந்தது. 1907இல் அதைப் பற்றி விரிவாக எழுதினார்.

நம் ஊர்க்காரர் ஒருவரும் இங்கே வருகிறார். ராலேயின் நூல்களைப் படித்து ஒலியிலும் ஒளியிலும் ஆர்வம் கொண்ட ஒரு மாணவர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துக்கொண்டே 1906இல் லண்டன் ஆராய்ச்சி இதழ் ஒன்றில் கட்டுரை வெளியிட்டார். வயது 18. அவர் யார் என்று ஊகித்துவிட்டீர்களா? சர் சி.வி. ராமன்தான். ராலே பிரபு ராமனைப் பெரிய பேராசிரியர் என்று எண்ணிக்கொண்டு, அப்படியே விளித்துக் கடிதம் எழுதினார் என்று சொல்வதுண்டு.

இடையில் 1879இல், மேக்ஸ்வெல் என்ற மேதை மறைந்ததும், கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத் தலைமைப் பொறுப்புக்கு ராலேயை அழைத்தார்கள். அந்த நேரம் விளைச்சலும் விலையும் சரிந்து, நிலத்து வருமானம் குறைந்திருந்தது. பிரபு சம்பளத்துக்கு வேலை பார்க்கச் சம்மதித்தார். ஐந்து வருடம் அங்கே இருந்து மின்சார அளவுகளைத் துல்லியமாக்கினார். அந்த ஆய்வக வகுப்புகளில் மாணவர்களோடு மாணவிகளும் சமமாகச் சேரலாம் என்று ஆனதும் அவர் காலத்தில்தான். 1884இல் மறுபடி டெர்லிங்குக்கே வந்துவிட்டார்.

அடுத்து நடந்ததுதான் அவருக்கு உலகப் புகழ் தந்தது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

வாயுக்களின் எடையை மிகத் துல்லியமாகக் கண்டுபிடிக்க வேண்டும் என்று ராலேக்கு ஆசை. ஒரு கண்ணாடிக் கோளத்தில் வாயுவை நிரப்பி நிறுக்க வேண்டும். பிறகு காற்றை உறிஞ்சிவிட்டு வெறும் கோளத்தை நிறுக்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறதல்லவா? ஆனால் உள்ளே இருக்கும் வாயுவை உறிஞ்சியதும் வெளிக்காற்று அழுத்த, அந்தக் கண்ணாடிக் கோளம் கண்ணுக்குத் தெரியாத அளவு சுருங்கும். சுருங்கினால் நிறையில் ஒரு சிறு பிழை வரும். முன்னால் நிறுத்த பெரிய விஞ்ஞானிகள்கூட இதைக் கவனிக்கவில்லை. ராலே கவனித்தார். அதற்கும் கணக்குப் போட்டுத் திருத்தினார். அப்படிப்பட்ட மனிதர்!

1892இல் நைட்ரஜனை நிறுத்தார். காற்றிலிருந்து ஆக்சிஜன் முதலியவற்றை நீக்கிக் கிடைத்த நைட்ரஜன் ஒரு கோளம்; வேதிப்பொருள்களிலிருந்து தயாரித்த நைட்ரஜன் ஒரு கோளம். இரண்டும் ஒரே நைட்ரஜன்தானே? எடை ஒன்றாக இருக்க வேண்டும் அல்லவா? இல்லை. மீண்டும் மீண்டும் செய்து பார்த்ததில், காற்றிலிருந்து எடுத்தது சுமார் 2.310 கிராம். வேதிப்பொருளிலிருந்து எடுத்தது சுமார் 2.299 கிராம். வித்தியாசம் வெறும் 11 மில்லிகிராம்!

நாமாக இருந்தால் தராசு சரியில்லை என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போயிருப்போம். ராலேக்குத் தூக்கம் வரவில்லை. முதலில் தெரிந்த வித்தியாசம் இன்னும் சிறியதுதான். ஆனால் குறைக்கப் பார்க்கப் பார்க்க, அது கூடிக்கொண்டே போனது. இது தற்செயல் இல்லை என்று அவருக்கு உறுதியாயிற்று. யாருக்காவது காரணம் தெரிந்தால் சொல்லுங்கள் என்று 'நேச்சர்' என்ற அறிவியல் இதழுக்கு எழுதினார். பிரபு, பேராசிரியர் என்ற கௌரவம் எல்லாம் பார்க்கவில்லை. சரியான விடை யாரிடமிருந்தும் வரவில்லை.

பழைய ஆராய்ச்சிகளைப் பார்த்தபோது ஒரு விஷயம் அகப்பட்டது. 1785இல் கேவண்டிஷ் என்ற விஞ்ஞானி, காற்றில் மின்பொறி பாய்ச்சி நைட்ரஜனை எல்லாம் நீக்கிப் பார்த்திருக்கிறார். எவ்வளவு முயன்றும் கடைசியில் ஒரு சின்னக் குமிழி மட்டும் கரையாமல் நின்றுவிட்டது. நைட்ரஜனில் 120இல் ஒரு பங்குக்கு மேல் இராது என்று குறித்துவைத்துவிட்டு அவர் போய்விட்டார். நூறு வருடங்களாக அந்தக் குமிழியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை!

ராலே மின்பொறியால் அதே சோதனையைப் பெரிய அளவில் செய்தார். வில்லியம் ராம்சே என்ற வேதியியல் அறிஞர், பழுக்கக் காய்ச்சிய மக்னீசியத்தைக் கொண்டு இன்னொரு வழியில் முயன்றார். இருவருக்கும் கிடைத்தது ஒன்றேதான்: அதுவரை யாருக்கும் தெரியாத ஒரு வாயு. எதனோடும் சேராமல் சும்மா இருந்ததால், கிரேக்க மொழியில் சோம்பேறி என்ற பொருளில் அதற்கு ஆர்கான் என்று பெயர் வைத்தார்கள். 1894இல் அறிவித்தபோது வேதியியல் அறிஞர்கள் பலர் நம்பவில்லை. நாம் தினமும் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்கு ஒரு பங்கு அளவுக்கு ஒரு வாயு ஒளிந்திருக்குமா என்று கேட்டார்கள். இருந்தது! 1904இல் ராலேக்கு இயற்பியலுக்கான நோபல் பரிசும் ராம்சேக்கு வேதியியலுக்கான நோபல் பரிசும் கிடைத்தன. பரிசுப் பணத்தை ராலே தன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகவில்லை. கேவண்டிஷ் ஆய்வகத்துக்கும் கேம்பிரிட்ஜ் நூலகத்துக்கும் கொடுத்துவிட்டார்.

ஆர்கானை மறந்துவிடாதீர்கள். கடைசியில் மறுபடி வரும்.

இப்போது வெந்நீருக்கு வருவோம். 1917. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. ராலேக்கு 74 வயது. ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் என்ற அறிஞர் கொதிக்கும் கெட்டிலின் சத்தத்தைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்தார். பாத்திரத்தின் அடிப்பகுதி முதலில் சூடாகிறது. அங்கே நீராவிக் குமிழிகள் பிறக்கின்றன. மேலே உள்ள தண்ணீர் இன்னும் அவ்வளவு சூடாகவில்லை. குமிழி மேலே ஏறி அந்தத் தண்ணீரில் நுழைந்ததும் உள்ளே இருக்கும் ஆவி குளிர்ந்துவிடும். சுற்றியிருக்கும் தண்ணீர் நாலாபுறமும் பாய்ந்து குமிழியை நசுக்கிவிடும். 'டப்' என்று ஒரு சத்தம். அப்படி ஆயிரக்கணக்கான 'டப்'புகள் சேர்ந்ததுதான் நாம் கேட்கும் இரைச்சல். தண்ணீர் முழுவதும் கொதிநிலைக்கு வந்துவிட்டால் குமிழிகள் நசுங்காமல் மேலே வந்து உடைகின்றன. அதனால்தான் சத்தம் குறைகிறது.

ராலே ஒரு கேள்வி கேட்டார். குமிழி நசுங்கும் அந்தக் கணத்தில் தண்ணீரில் எவ்வளவு அழுத்தம் உண்டாகும்? கணக்குப் போட்டார். குமிழியின் ஆரம் இருபதில் ஒரு பங்காகச் சுருங்கும்போது, சுற்றியுள்ள அழுத்தத்தைப் போல 1260 மடங்கு அழுத்தம் ஒரு கணம் எழும் என்று விடை வந்தது! அந்தக் காலத்தில் கப்பல்களின் சுழல்விசிறிகள் குழிகுழியாக அரிக்கப்பட்டு வீணாகிக்கொண்டிருந்தன. உறுதியான உலோகத்தைக் கடலில் கடித்துத் தின்பது எது என்று பொறியாளர்கள் திண்டாடினார்கள். விசிறி வேகமாகச் சுழலும்போது உண்டாகும் குமிழிகள் அதன்மேல் நசுங்குவதுதான் காரணம் என்பதற்கு இந்தக் கணக்கு துணை நின்றது. சமையலறைக் குமிழி கப்பலைத் தின்கிறது பார்த்தீர்களா!

1919ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் தேதி ராலே பிரபு காலமானார். வயது 76. அவர் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரைகள் 446. ஆனால் குமிழிக் கணக்கு அவரோடு நிற்கவில்லை. 1949இல் பிளெசெட் என்பவர் அதை விரிவாக்கினார். குமிழி சுருங்குவதற்கு மட்டுமில்லாமல், வளர்வதற்கும் அதே கணக்கு பொருந்தும். ராலே-பிளெசெட் சமன்பாடு என்று அதற்குப் பெயர். குமிழி திடீரென்று வளரும்போதும் சுற்றியுள்ள திரவத்தைத் தள்ளுகிறது அல்லவா? அப்போதும் ஒலி பிறக்கும்.

1952இல் அமெரிக்காவில் டொனால்டு கிளேசர் என்ற இளைஞர் 'குமிழி அறை' என்ற கருவியைக் கண்டுபிடித்தார். ஒரு திரவத்தைக் கொதிநிலைக்கு மேலே சூடாக்கி, ஆனால் கொதிக்க விடாமல் அமைதியாக வைத்திருக்கலாம். மிகச் சுத்தமான பாத்திரத்தில் அது முடியும். அந்தத் திரவம் கொதிக்க ஒரு சாக்குக் கிடைக்காதா என்று காத்திருக்கும். ஓர் அணுத்துகள் அதன் வழியே போனால் போதும்; அது போன இடத்தில் குமிழி எழும்பும். கிளேசரும் அவருடைய மாணவரும், குமிழி பிறக்கும்போது காதுக்கே கேட்கும் ஒரு சின்ன ஒலி வருவதை 1955இல் பதிவு செய்தார்கள். அப்போது அதைப் பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. எல்லோரும் குமிழியைப் படம் பிடிப்பதிலேயே குறியாக இருந்தார்கள்.

அந்த ஒலிக்கு வேலை வந்தது கரும்பொருளால். அது என்ன? நட்சத்திரக் கூட்டங்கள் சுழலும் வேகத்தைப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியும் பொருளின் ஈர்ப்பு மட்டும் அவற்றைச் சிதறாமல் பிடித்து வைக்கப் போதாது. தெரியாத பொருள் ஏதோ இருக்கிறது. பிரபஞ்சத்தில் உள்ள பொருளில் 100க்கு 85 பங்கு அதுதான் என்கிறார்கள். ஒளி விடாது, ஒளியை மறைக்காது. காற்றில் ஒளிந்திருந்த ஆர்கானைப் போல, எடையை வைத்துத்தான் அது இருப்பது தெரிகிறது! அதன் துகள் எப்போதாவது ஓர் அணுக்கருவில் மோதும், அதைப் பிடித்துவிடலாம் என்பது விஞ்ஞானிகளின் நம்பிக்கை.

வானத்திலிருந்து ஓயாமல் விழும் அண்டக் கதிர்களிடமிருந்து தப்பிக்க, கருவியைப் பூமிக்கடியில் கொண்டுபோய் வைத்தார்கள். கனடாவில் சட்பரி என்ற ஊரில் ஒரு நிக்கல் சுரங்கம். அங்கே 2 கிலோமீட்டர் ஆழத்தில் 'ஸ்னோலேப்' என்ற ஆய்வகம். அங்கே இயங்கிய 'பிக்கோ-60' என்ற குமிழி அறையில், குளிர்சாதனங்களில் பயன்படும் ஒருவகைத் திரவம் 52 கிலோ இருந்தது. சாதாரண அழுத்தத்தில் அது மைனஸ் 37 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதைக் கிட்டத்தட்ட 14 டிகிரியில், கொதிக்காமல் காக்க வைத்தார்கள். ஒரு குமிழி தோன்றினால் கேமரா படம் பிடிக்கும். உடனே அழுத்தத்தைக் கூட்டிக் குமிழியை அடக்கிவிட்டு, மறுபடி காத்திருப்பார்கள்.

இங்கேதான் சிக்கல். எல்லாப் பொருளிலும், எவ்வளவு சுத்தம் செய்தாலும், துளியளவு கதிரியக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும். அதிலிருந்து ஆல்பா துகள் கிளம்பினால் அதுவும் ஒரு குமிழியைத்தான் உண்டாக்கும். கரும்பொருள் மோதினாலும் ஒரு குமிழிதான் வரும். படத்தில் இரண்டும் ஒரே மாதிரி. இரட்டைப் பிள்ளைகளைப் போல! வருடக்கணக்கில் காத்திருந்து ஒரு குமிழி வந்து, அது எது என்று தெரியாவிட்டால் அத்தனை பேர் உழைப்பும் என்ன ஆவது?

2008இல் அதே சுரங்கத்தில் 'பிக்காசோ' என்ற ஆய்வுக் குழுவினர் அதற்கு வழி கண்டார்கள். பார்க்காதே, கேள்! ஆல்பா துகள் எழுப்பும் குமிழியின் ஒலி கூடுதலாக இருந்தது. ஏன்? கரும்பொருள் மோதினால் அணுக்கரு ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு தூரம்கூட நகராது. அதனால் ஒரே புள்ளியில் ஒரே குமிழி பிறக்கும். ஆல்பா துகளோ தலைமுடியின் பருமனில் பாதியளவு தூரம் ஓடும். ஓடிய பாதையில் பல குட்டிக் குமிழிகள் ஒரே நேரத்தில் பிறந்து, கண் இமைப்பதற்குள் ஒன்றாகிவிடும். கேமராவுக்குத் தெரிவது ஒன்றான பிறகுதான். ஆனால் அவை சேர்ந்து எழுப்பிய ஒலி மறைவதில்லை. உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை கைதட்டினால் ஒரு சத்தம். நான்கு பிள்ளைகள் ஒன்றாகத் தட்டினால் வேறு சத்தம். கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் தெரியுமே! பாத்திரத்தின் வெளிப்புறத்தில் ஒலி உணரும் சிறு கருவிகளை ஒட்டிவைத்துக் கேட்டார்கள். மனிதக் காதுக்கு எட்டாத மிக உயர்ந்த ஒலிகளையும் அவை கேட்கும். நூறு ஆல்பா குமிழிகள் வந்தால் 99ஐ ஒலியைக் கொண்டே ஒதுக்கிவிட முடிந்தது.

ஒலி எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை. நியூட்ரான் என்ற துகள் மோதினாலும் கரும்பொருள் மோதியது போன்றே சத்தம் வரும். அதற்காகக் கருவியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் மூழ்க வைத்துத் தடுத்தார்கள். நியூட்ரான் பல இடங்களில் மோதிப் பல குமிழிகளை எழுப்புவதும் உண்டு. அப்போது அது தானே மாட்டிக்கொள்ளும். தொடக்கத்தில் சில திருட்டுக் குமிழிகளும் வந்து குழப்பின. கரும்பொருள்தானோ என்று சந்தோஷப்பட முடியவில்லை. அவை கொஞ்ச நேரத்துக்குள் அடுத்தடுத்து வந்தன. கரும்பொருளுக்கு அப்படி வர அவசியம் இல்லையே! திரவத்தில் கலந்திருந்த நுண்ணிய தூசுத் துகள்களே காரணம் என்று தெரிந்து, சுத்தப்படுத்திய பிறகு அவை ஓய்ந்தன.

'பிக்கோ-60'இன் பெரிய சோதனையில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். குமிழிகளின் படங்களைப் பார்க்கலாம். ஒலிப் பதிவை மட்டும் யாரும் பார்க்கக் கூடாது. ஆசை, கண்ணை மறைக்கும் அல்லவா? கரும்பொருள் வேண்டும் வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பார்த்தால், சந்தேகமான குமிழிகூடக் கரும்பொருளாகத் தெரியும். எது வந்தால் ஏற்பது, எது வந்தால் தள்ளுவது என்று எல்லா விதியையும் முதலில் எழுதி வைத்தார்கள். தேர்வுத் தாளைத் திருத்தும்போது பெயரைப் பார்க்காமல் திருத்துவோமே, அது போல. பிறகுதான் ஒலிப் பதிவைத் திறந்தார்கள். கரும்பொருளுக்குரிய மெல்லிய ஒலி எழுப்பிய தனிக் குமிழி ஒன்றுகூட இல்லை! 2017இல் இதை அப்படியே உலகுக்கு அறிவித்தார்கள். கரும்பொருள் துகள் இன்னமும் யார் கையிலும் சிக்கவில்லை.

நம் நாட்டிலும் தேடுகிறார்கள். ஜார்க்கண்ட் மாநிலம் ஜாதுகுடா யுரேனியச் சுரங்கத்தில், 555 மீட்டர் ஆழத்தில், கொல்கத்தா சாகா அணுக்கரு இயற்பியல் நிறுவனத்தினர் 2017இல் ஓர் ஆய்வகம் திறந்தார்கள். அங்கேயும் கொதிக்கக் காத்திருக்கும் திரவத் துளிகளை வைத்து, அவை வெடிக்கும் ஒலியைக் கேட்டார்கள்.

ஆர்கானை மறந்துவிடாதீர்கள் என்றேனே! அமெரிக்காவில் சிகாகோ நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள ஃபெர்மி ஆய்வகத்தில் புதுவிதமான குமிழி அறை ஒன்றை உருவாக்கியிருக்கிறார்கள். அதற்குள் ஊற்றும் திரவம் சுமார் 10 கிலோ ஆர்கான். ராலே தராசில் 11 மில்லிகிராம் வித்தியாசமாகக் கண்ட அதே ஆர்கான்தான்! மைனஸ் 186 டிகிரியிலேயே கொதிக்க வேண்டிய அதை, இன்னும் நாற்பது டிகிரிக்கு மேல் சூடாக்கிக் கொதிக்காமல் காக்க வைக்க வேண்டும். துகள் மோதினால் ஆர்கான் ஒரு கணம் ஒளி வீசும்; குமிழியும் எழும்பும். ஒளியைப் பிடிக்கக் கருவிகள், குமிழியைப் படம் பிடிக்கக் கேமராக்கள். அவற்றோடு, குமிழி பிறக்கும் சத்தத்தைக் கேட்க ஒலி உணரும் கருவிகளையும் அதில் வைத்திருக்கிறார்கள்.